எல்லைகள் கரைவது எப்படி?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கெடில ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்ற அளவில் இதைப் பலரும் அறிவர். இவ்வூரும் சுற்றுப்புறமும் அடங்கிய பழைய நாட்டின் பெயர் திருமுனைப்பாடி. 'முனை' என்றால் போர்முனை. 'பாடி' என்றால் படை தங்கும் இடம். வடக்கே ஓர் அரசு, தெற்கே ஓர் அரசு, நடுவே படைகள் வந்து தங்கும் நிலம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்று அதே மண்ணின் ஓரமாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போகிறது. வேங்கியிலிருந்தும் தொண்டை மண்டலத்திலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் வரும் சரக்கு லாரிகள் அதில் விரைகின்றன. ஒரு காலத்தில் தனித்தனி நாடுகளாக இருந்து ஒன்றோடொன்று பொருத நிலங்கள் இவை. இப்போது அவற்றிற்கிடையே எல்லைக்காவல் இல்லை; நாணய மாற்றம் இல்லை. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? அண்டை நாடுகள் எப்போது ஒன்றாகின்றன? எப்போது ஒன்றானது போலத் தோன்றி மீண்டும் பிரிந்துவிடுகின்றன? இதை ஆராய வரலாற்றையும் பொருளியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாள் போட்ட கோடு

கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் பராந்தகன். வடக்கிலிருந்து இராட்டிரகூடர் படையெடுத்து வரக்கூடும் என்று எதிர்பார்த்து, அவன் தன் மகன் இராசாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தி வைத்தான். இளவரசன் தங்கியதால் திருநாவலூருக்கு இராசாதித்தபுரம் என்ற பெயரும் வழங்கிற்று. அவனுடைய பரிவாரத்தினர் இவ்வூர்க் கோயிலுக்கு விளக்குகள் வைத்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. படையில் சேர நாட்டு வீரர்களும் இருந்தனர். அவர்களுள் வெள்ளன் குமரன் என்ற படைத்தலைவன், பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்னும் ஊரில் 943இல் ஒரு கற்கோயில் எடுப்பித்தான்.

எதிர்பார்த்த போர் 949இல் தக்கோலத்தில் நடந்தது. இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் வென்றான். அதன்பின் திருநாவலூர்க் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு குறிக்கப்படுவது சோழன் பெயரால் அன்று, 'கன்னரதேவன்' என்ற கிருஷ்ணனின் பெயரால். சில பத்தாண்டுகள் கழித்துச் சோழர் மீண்டனர். ஆண்டுக்கணக்கும் மீண்டும் சோழன் பெயருக்கு மாறிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு நந்தா விளக்குக்காக அக்காலத்தில் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். ஆட்டைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். மந்தையில் கழிவதைக் குட்டிகள் ஈடு செய்வதால் எண்ணிக்கை குறையாது என்பது கணக்கு. அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றிற்குப் பெயர். அரசன் மாறினான், ஆண்டின் பெயர் மாறிற்று, ஆட்டுக்கணக்கும் நெய்யளவும் ஊரார் பொறுப்பும் அவ்வகையிலேயே தொடர்ந்தன. வாள் மாற்றியது கல்வெட்டின் முதல் வரியைத்தான். அன்றாட வாழ்வின் ஒழுங்குகளை ஒன்றோடொன்று பிணைக்காத வெற்றி, வந்த வேகத்திலேயே போகவும் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மணவுறவில் இணைந்த இரு நாடுகள்

வாளைவிட மென்மையான வழி ஒன்றையும் சோழர் கையாண்டனர். கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளின் கீழ்ப்பகுதியில் இருந்தது வேங்கி நாடு. அதை ஆண்டவர்கள் கீழைச் சாளுக்கியர். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். இவர்களுக்குப் பிறந்தவனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இரண்டு அண்டை நாடுகள் ஒரே மனிதனிடத்தில் வந்து சேர்ந்தன.

குலோத்துங்கனுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அவனைக் கல்வெட்டுகள் அழைக்கின்றன. வணிகர்கள் வழியில் செலுத்த வேண்டியிருந்த சுங்கத்தை நீக்கியதால் வந்த பெயர் இது. அக்காலத் தமிழ் வணிகம் எல்லைகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 'ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவின் கல்வெட்டுகள் கன்னட நாட்டு ஐகொளெயிலும் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. சுமத்திரா தீவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இக்குழுவினருடையதே. அரசர்களின் எல்லை வேறு, வணிகர்களின் எல்லை வேறு என்பதை இவை காட்டுகின்றன.

ஆனால் வேங்கியுடன் ஏற்பட்ட இணைப்பு நிலைக்கவில்லை. குலோத்துங்கனின் இறுதிக் காலத்தில், 1118ஐ ஒட்டி, வேங்கியின் பெரும்பகுதி மேலைச் சாளுக்கியர் வசமாயிற்று. இணைப்பு ஒரு மன்னனின் பிறப்பைச் சார்ந்திருந்தது. இரு நாட்டு மக்களும் கூடி முடிவு செய்யும் பொது மன்றமோ, மன்னன் மாறினாலும் மாறாத ஒப்பந்தமோ அதற்குப் பின்னால் இல்லை.

சுங்கம் செய்யும் வேலை

சுங்கத்தை நீக்கியதை ஏன் ஒரு மன்னனின் புகழாகக் கல்லில் வெட்டினார்கள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்ச் சரக்கு ஒன்று ஐந்து சாவடிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு சாவடியிலும் அப்போதைய மதிப்பில் 5 விழுக்காடு வாங்குகிறார்கள் என்று கொள்வோம். முதல் சாவடி தாண்டியதும் 105. இரண்டாவதில் 110 ரூபாய் 25 காசு. ஐந்தாவதைக் கடக்கும்போது ஏறத்தாழ 127 ரூபாய் 63 காசு. ஐந்தைந்தாக 25தான் ஏறும் என்று நினைத்திருப்பீர்கள். வரியின் மேல் வரி விழுவதால் 27க்கு மேல் ஏறிவிட்டது. சாவடியில் காத்திருக்கும் நேரமும், வண்டிமாட்டுக்குத் தீனியும், கெட்டுப்போகும் காய்கறியும் இதில் சேரவில்லை. கடைசியில் இத்தனையையும் கொடுப்பவர் சரக்கை வாங்குபவரே.

இங்கு ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். விக்கிரவாண்டியிலும் உளுந்தூர்ப்பேட்டை அருகிலும் நாம் காணும் இன்றைய 'சுங்கச்சாவடி'யில் வாங்குவது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். அதற்கும் சரக்கின் மதிப்புக்கும் தொடர்பில்லை. ஒரு நாட்டுக்குள் சரக்கு நுழைவதற்காக வாங்கும் வரியே நாம் இங்கே பேசும் சுங்கம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட தனி அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கம். பிரஷ்யா 1818இல் தன் நாட்டுக்குள் இருந்த சாவடிகளை நீக்கியது. பிறகு அண்டை அரசுகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1834 சனவரி 1ஆம் நாள் 'சோல்வெரைன்' என்னும் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. உள்ளே சுங்கம் இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே சுங்கம் வாங்கினர். வருவாயை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொண்டனர். அரசியல் இணைப்பு 1871இல்தான் வந்தது.

அப்படியானால் வணிகம் இணைந்தால் போர் வராது என்று சொல்லிவிடலாமா? முடியாது. சுங்க ஒன்றியத்தில் உறுப்பாக இருந்த பவேரியா, சாக்சனி, ஹனோவர் ஆகியவை 1866இல் பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன. சுங்கம் நீக்குதல் கதவைத் திறந்துவிடும். உள்ளே அழைத்து உட்கார வைப்பது வேறு வேலை.

ஒன்றிணைவின் படிகள்

பொருளியலார் இவ்விணைப்பைப் படிகளாகப் பிரித்துச் சொல்வர்.

முதற்படி, தடையிலா வணிகப் பகுதி. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சுங்கத்தை நீக்கிக்கொள்ளும். வெளிநாட்டுச் சரக்குக்கு அவரவர் விருப்பப்படி சுங்கம் வாங்கும்.

இரண்டாம் படி, சுங்க ஒன்றியம். வெளிநாட்டுச் சரக்குக்கும் எல்லோரும் ஒரே அளவு சுங்கம் வாங்குவர்.

மூன்றாம் படி, பொதுச் சந்தை. சரக்கோடு தொழிலாளரும் முதலும் எல்லை தாண்டித் தடையின்றிச் செல்லலாம்.

நான்காம் படி, பொருளாதார ஒன்றியம். நாணயம், வரவு செலவு விதிகள் முதலியவையும் பொதுவாகும்.

முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அது எவ்வளவு பெரியது என்பதை நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் தடையிலா வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பாமாயிலுக்கு இந்தியாவில் சுங்கம் அதிகம், இலங்கையில் குறைவு. எனவே பாமாயிலை இலங்கைக்குத் தருவித்து, அங்கே வனஸ்பதியாக்கி, சுங்கமின்றி இந்தியாவுக்கு அனுப்பும் தொழில் திடீரென்று வளர்ந்தது. இந்திய வனஸ்பதி ஆலைகள் முறையிட்டன. இந்தியா இறக்குமதிக்கு அளவு விதித்தது. இலங்கையில் முதலீடு செய்தவர்கள் பாதிக்கப்பட்டனர்.

வெளிச்சுங்கம் வேறுபட்டிருக்கும்போது, சரக்கு குறைந்த சுங்கமுள்ள வாசல் வழியாகவே உள்ளே நுழையும். இதைத் தடுக்க, சரக்கு உண்மையில் எந்த நாட்டில் உருவாயிற்று என்று பார்க்கும் 'தோற்ற விதிகள்' தேவைப்படுகின்றன. விதிகள் பெருகினால் தாள்களும் பெருகும். சுங்க ஒன்றியத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தன் சுங்கத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் விட்டுக்கொடுக்க வேண்டும். படி ஏற ஏற வசதி கூடும்; தனித்து முடிவெடுக்கும் உரிமை குறையும்.

நிலக்கரியில் தொடங்கிய ஒன்றியம்

இந்த விலையைக் கொடுக்க முன்வந்த நாடுகள் ஐரோப்பாவில் உண்டு. இரண்டு உலகப் போர்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் எங்கிருந்து தொடங்கின என்பது சிந்திக்கத்தக்கது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் 1950 மே 9ஆம் நாள் ஒரு திட்டத்தை அறிவித்தார். பீரங்கி செய்ய எஃகு வேண்டும். எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். இவ்விரண்டையும் ஒரு பொது அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டால், எந்த நாடும் அண்டை நாட்டுக்குத் தெரியாமல் போருக்கு ஆயத்தம் செய்ய முடியாது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

1957இல் ரோம் ஒப்பந்தம். 1968 சூலையில் ஆறு நாடுகளுக்கிடையே சுங்க ஒன்றியம் நிறைவு. 1993இல் ஐரோப்பிய ஒன்றியம். 2002இல் மக்கள் கையில் யூரோ நாணயம். ஒவ்வொரு படியும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். தகராறு வந்தால் தீர்க்க ஒரு நீதிமன்றமும், மக்கள் தேர்ந்தெடுக்கும் பாராளுமன்றமும், பின்தங்கிய பகுதிகளுக்கு உதவும் நிதியும் அதனுடன் வளர்ந்தன. விரும்பினால் வெளியேறவும் வழி உண்டு. 1973இல் சேர்ந்த பிரிட்டன், மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் 2020 சனவரியில் விலகிற்று. ஒருவர் போரின்றி வெளியேற முடிவதும் இத்தகைய ஒன்றியத்தின் இலக்கணத்தில் சேர்ந்ததே.

புதுச்சேரியின் பாடம்

ஐரோப்பா தொலைவில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். திருநாவலூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு பன்னாட்டு எல்லை அண்மைக் காலம் வரை இருந்தது. அதுதான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் எல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கிராமங்கள் அவை. ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போனால் நாடு மாறிவிடும்.

1941இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றிய உடன்படிக்கை ஏற்பட்டது. விடுதலைக்குப் பின், 1949இல், இந்திய அரசு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. எல்லையில் சுங்கக் காவல் எழுந்தது. அதுவரை வரைபடத்தில் மட்டும் இருந்த கோடு, நெல் வண்டியும் துணி மூட்டையும் மறிக்கப்படும் இடமாக மாறிற்று. கள்ளக்கடத்தலும் பெருகிற்று. ஒரே மொழி பேசி, ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மக்களுக்கிடையே கூட, சுங்கக் கோடு எவ்வளவு கடுமையானது என்பதை அந்த ஐந்தாண்டுகள் காட்டின.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில், மக்கள் தேர்ந்தெடுத்த 178 பிரதிநிதிகள் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் நமது பொருளுக்கு முக்கியமான கூறுகள் மூன்று உண்டு. புதுச்சேரிக்குத் தனி நிருவாக நிலை தொடரும். மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே அதை மாற்றலாம். மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாக இருக்கும். பிரெஞ்சுக் குடிமக்கள் விரும்பினால் குறித்த காலத்துக்குள் அக்குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம். பெரியதோடு சேரும் சிறியது, தன் முகத்தை இழக்க வேண்டியதில்லை என்ற உறுதி இது. தக்கோலத்தில் வாள் செய்ய முடியாததைக் கீழூரில் வாக்கு செய்தது.

வீட்டுக்குள் ஓர் ஒன்றியம்

ஒரே நாடாக இருந்தும் இந்தியாவில் மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் நெடுநேரம் காத்துக் கிடந்த காலம் உண்டு. 2017 சூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த வரிச் சாவடிகள் நீங்கின. இதற்காக மாநிலங்கள் தங்கள் வரி விதிக்கும் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன. ஈடாக, வருவாய் இழப்புக்கு ஐந்தாண்டுகள் இழப்பீடு என்று சட்டம் உறுதியளித்தது. முடிவெடுக்கும் மன்றத்தில் மைய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றிற்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். இழப்பீடு போதுமா, மாநிலங்களின் உரிமை மிகுதியாகக் குறைந்துவிட்டதா என்ற விவாதங்கள் தொடர்கின்றன. இணைப்பு என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியம் அன்று.

நம் அக்கம்பக்கம்

இனி, நம் அண்டை நாடுகளைப் பார்ப்போம். தெற்காசிய நாடுகளின் மண்டல ஒத்துழைப்புச் சங்கமான 'சார்க்' 1985 டிசம்பர் 8ஆம் நாள் டாக்காவில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. தடையிலா வணிகப் பகுதிக்கான ஒப்பந்தம் 2004இல் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இந்நாடுகளின் மொத்த வணிகத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது ஏறத்தாழ 5 விழுக்காடே என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. 2014இல் காத்மாண்டுவில் உச்சி மாநாடு கூடியது. 2016இல் இஸ்லாமாபாத்தில் கூடவிருந்த அடுத்த மாநாடு நடைபெறவில்லை.

காரணம் என்ன? ஒன்று, தீராத அரசியல் பகை. மற்றொன்று, அளவு வேறுபாடு. ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒத்த வலிமையுள்ள சில பெரிய நாடுகள் இருந்தன. இங்கே இந்தியா மற்ற எல்லாவற்றையும்விடப் பன்மடங்கு பெரியது. சிறிய நாடு, தன் சந்தை நிறைந்துவிடுமோ, தன் குரல் அடங்கிவிடுமோ என்று அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு பெரியதற்கே அதிகம். பாக்கு நீரிணையில் மீன் பிடிக்கும் இரு கரைத் தமிழ் மீனவர்களின் சிக்கலையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். இரு கரையும் ஒரே மொழி பேசினாலும், தமிழக இழுவைப் படகுகளுக்கு முன் வட இலங்கையின் சிறு படகு நிற்க முடிவதில்லை. எல்லையைக் கடுமையாக்குவதாலோ, எல்லையே வேண்டாம் என்பதாலோ மட்டும் இது தீராது. எவ்வளவு பிடிப்பது, எந்த வலை, எந்த நாட்கள் என்று இருவரும் ஏற்கும் விதி வேண்டும்.

ஆகவே, அண்டை நாடுகளின் இணைப்பு பற்றிய செய்தியை நாளிதழில் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விதி எல்லோருக்கும் ஒன்றா? இழப்பவருக்கு ஈடு உண்டா? சிறியவருக்குப் பேச இடம் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், அந்த இணைப்பு ஆண்டுகள் பல நிற்கும். ஒன்று குறைந்தாலும், கல்வெட்டின் முதல் வரியில் பெயர் மாறிய கதையாகவே அது முடியக்கூடும்.